கண்ணாடிக் கூண்டுக்காரி

என் மனைவி ஒரே நாளில் ஆறேழு பேராக இருப்பாள். காலையில் ஒரு நாட்டு மந்திரி, கொஞ்ச நேரத்தில் விஞ்ஞானி, சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணெய் விற்கும் நாட்டின் தூதர், சாயங்காலம் அந்தத் தூதரைக் கிழிகிழியென்று கிழிக்கும் ஓர் இளம்பெண். மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பது அவள் வேலை. அரங்கின் பின்சுவரில் கூண்டு மாதிரி கண்ணாடி போட்ட சின்ன அறை இருக்கும். அதற்குள் உட்கார்ந்து, காதில் விழுவதை அப்படியே வாயில் வேறு மொழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அவர் 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அவர் எரிந்து விழுந்தால் இவளும் எரிந்து விழ வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் வானொலியில் இவள் குரல் "நான் பதவி விலகுகிறேன்" என்றது. வேலையை விட்டுவிட்டாளோ என்று பதறிப்போய் வீட்டுக்கு ஓடினேன். விசாரித்தால் யாரோ அமைச்சராம்.

நான் கார் மெக்கானிக். எனக்கு ஒரே ஆளாக இருப்பதற்கே நேரம் போதவில்லை. எங்கள் நாட்டில் கார் செய்வதில்லை. பணக்கார நாடுகளில் ஓடிக் களைத்த வண்டிகள் கப்பலில் வரும். அவற்றைப் பிரித்து மேய்ந்து மறுபடி ஓட வைப்பதுதான் என் பிழைப்பு. பட்டறைக்கு வருகிற பத்தில் ஒன்பது வண்டி அந்த ரகம். அவற்றின் சைலன்ஸரைக் கழற்றிப் பார்த்தால், புகையின் விஷத்தை வடிக்கிற டப்பா இருக்காது. அதற்குள் இருக்கும் விலையுயர்ந்த உலோகத்துக்காக அங்கேயே உருவிக்கொண்டு, அந்த இடத்தில் வெறும் குழாயைப் பற்றவைத்து அனுப்பிவிடுவார்கள். கார்ப் புகையைப் பற்றிய ஒரு மாநாட்டுக்கு முன்னால் மனைவி ஒரு வாரம் பட்டறைக்கு வந்து, எண்ணெய்த் தரையில் குந்தி உட்கார்ந்து, இது என்ன, அது எதற்கு என்று என்னைக் குடைந்து எடுத்தாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான். இருதய மருத்துவ மாநாடு என்றால் வீட்டில் ஒரு மாதம் இருதயம்தான் ஓடும்.

அந்த மாநாடு இந்த முறை எங்கள் நகரத்திலேயே நடந்தது. பெட்ரோல் கார் விற்பதை எந்த நாடு எப்போது நிறுத்துவது, புகையை எப்படிக் குறைப்பது என்று பேசுவதற்காக உலகம் முழுவதிலிருந்தும் வந்திருந்தார்கள். வந்தவர்களை இறக்கிவிட்ட பெட்ரோல் கார்கள் வாசலில் வரிசை கட்டி, ஏசிக்காக எஞ்சினை அணைக்காமல் நின்றன. இதை வைத்து வீட்டில் நாலு நாள் கேலி செய்தேன். ஐந்தாம் நாள் கேலி கொஞ்சம் கசந்து, "உன் வாயாலேயே என் வயித்துல அடிக்கிறியே" என்று சொல்லிவிட்டேன். அவள் மறுநாள் காலையில் பார்வையாளர் சீட்டு ஒன்றை என் சட்டைப் பையில் செருகினாள். வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள் என்பது அதற்கு அர்த்தம். இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை.

அது கடைசி நாள். பெரிய விஷயங்களெல்லாம் முடிந்திருந்தன. ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. அதைக் கொண்டுவந்தவர் எங்கள் நாட்டுப் பிரதிநிதி. முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் என்பதால் எல்லாரும் டீச்சரம்மா என்போம். பதவி வந்த பிறகும் குரலில் பிரம்பு இருந்தது. பெட்ரோல் காரைக் கைவிடுகிற நாடு, தன் சாலையில் ஓடத் தகுதியில்லாத பழைய வண்டியை வேறு நாட்டுக்குக் கப்பலேற்றக் கூடாது. இதுதான் அவர் கேட்ட வாக்கியம். சாயங்காலம் கூட்டம் முடிவதற்குள் எல்லா நாடும் ஒத்துக்கொண்டால் ஒப்பந்தத்தில் சேரும், ஒருவர் மறுத்தாலும் போச்சு. சேர்ந்தால் என் பட்டறைக்கு வண்டி வரத்து நின்றுபோகும். சேரக் கூடாது என்றுதான் நான் உள்ளே போனேன்.

மொழிபெயர்ப்பாளர்கள் ஜோடியாகத்தான் உட்கார்வார்கள். அரை மணிக்கு ஒருவர் என்று மாறி மாறிப் பேசுவார்கள். அதற்கு மேல் போனால் மூளை மக்கர் பண்ணும், வார்த்தை விட்டுப்போகும் என்று விதி. மனைவியின் ஜோடி, அவளைவிட இளையவர், பெரிய உடம்புக்காரர். வெண்கலக் குரல். அதனால் நான் அவருக்கு வைத்த பெயரே வெண்கலம். அன்றைக்குப் பார்த்து வெண்கலத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மத்தியானத்துக்குள் குரல் சுத்தமாகப் போய்விட்டது. மாற்று ஆளும் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு, தனியாக இழுக்க வேண்டாம், கூண்டை மூடிவிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். இடைவேளையில் மனைவி வெந்நீர் டம்ளரோடு வந்து இதைச் சொன்னாள்.

கூண்டு மூடினால் டீச்சரம்மா சபையின் பொது மொழியில்தான் பேசியாக வேண்டும். அந்த மொழியில் அவர் விடுதியில் அறை கேட்பார், கடையில் விலை கேட்பார். வாதாட முடியாது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. "விதியே உன் பக்கம் இருக்கு. மூடிட்டு வா, வீட்டுக்குப் போகலாம்" என்றேன். அவள் உடம்புக்காகவும் சொன்னேன், என் பட்டறைக்காகவும் சொன்னேன். எது அதிகம் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

டம்ளரைக் காலி செய்துவிட்டு, "அந்த அம்மாவுக்கு வேற வாய் இல்லீங்க" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

நான் மாடியில் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, ஒரு காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். மாட்டாத காதில் டீச்சரம்மா, மாட்டிய காதில் என் மனைவி. வண்டிக் கையேடுகளெல்லாம் சபையின் பொது மொழியில்தான் வரும் என்பதால், அதைக் கேட்டால் எனக்குப் புரியும். எதிரே கீழே கண்ணாடிக்குப் பின்னால் அவள் தெரிந்தாள். பக்கத்தில் வெண்கலம், வாயில்லா ஜீவனாக, நாட்டின் பெயர், எண், வருஷம் எல்லாவற்றையும் தாளில் பெரிதாக எழுதி எழுதி அவள் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.

டீச்சரம்மா நிதானமாகத்தான் ஆரம்பித்தார். எங்கள் துறைமுகத்தில் இறங்கும் வண்டிகளின் கதையைச் சொன்னார். உருவப்பட்ட டப்பாவைப் பற்றிச் சொன்னார். அந்த இடத்தில் மனைவி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பட்டறையில் நான் கையில் கொடுத்துக் காட்டிய சங்கதி, இத்தனை நாட்டுக்காரர்கள் காதில் தெளிவாக விழுந்தது. எனக்கு நெஞ்சு கொஞ்சம் விம்மியது. உடனே, அட மடையா, இது உனக்கே வைக்கிற ஆப்பு என்றும் நினைத்துக்கொண்டேன்.

பெரிய நாடு ஒன்றின் பிரதிநிதி எழுந்தார். ரொம்ப மரியாதையான மனிதர். ஏழை நாட்டு மக்களுக்கு மலிவாக வண்டி கிடைக்க வேண்டாமா, அவர்கள்மேல் இருக்கிற அக்கறையால்தான் தயங்குகிறோம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நேற்றுவரை நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டீச்சரம்மா மைக்கை இழுத்துக்கொண்டார். "எங்க மேல உங்களுக்கு இருக்கற அக்கறைக்கு நன்றி. உங்க தெருவுல விட்டா அது புகை, எங்க தெருவுல விட்டா காத்தா? உங்க குழந்தை மூக்கு வேற, எங்க குழந்தை மூக்கு வேறயா? உங்க கணக்குல கழிச்சதை எங்க கணக்குல கூட்டினா, மொத்தத்துல என்னங்க குறைஞ்சுது?"

அதே பிரம்பு அதே வேகத்தில் என் மற்றக் காதிலும் விழுந்தது. எங்கள் மொழி தெரிந்த நாலு பேர் முதலில் சிரித்தார்கள். ஒரு மூச்சு தள்ளி மொத்த அரங்கமும் சிரித்தது. அந்த இரண்டாவது சிரிப்பு என் மனைவி வாங்கியது. கண்ணாடிக்குள் அவள் சிரிக்கவில்லை; ஒரு கையால் தொண்டையைப் பிடித்தபடி, அடுத்த வாக்கியத்துக்குள் போய்விட்டிருந்தாள்.

அரை மணி எப்போதோ தாண்டிவிட்டது. ஒவ்வொரு நாடாக எழுந்து கேள்வி கேட்டது. அதை அவள் எங்கள் மொழியில் டீச்சரம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அவர் பதிலைச் சபைக்குச் சொல்ல வேண்டும். போக வர இரண்டு பக்கமும் ஒரே ஆள் சுமந்தாள். நடுவில் குரல் பிசிறியது. வெண்கலம் தண்ணீரை நீட்டினார். வாங்க நேரமில்லை, வாக்கியம் வந்துகொண்டிருந்தது. அவள் நெற்றி வியர்வையை இவர் கைக்குட்டையால் ஒற்றினார். ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை. நான் இரண்டு காதாலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எங்காவது நழுவாதா என்று முதலில் பார்த்தேன், பிறகு நழுவிவிடக் கூடாதே என்று பார்த்தேன். எந்த இடத்தில் கட்சி மாறினேன் என்று எனக்கே தெரியாது. எதிர்த்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார, என் கை முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தது.

மரியாதையான அந்த மனிதர் கடைசியாக ஒருமுறை எழுந்தார். தன் அரசோடு பேசிவிட்டதாகவும், தங்களுக்கு மறுப்பில்லை என்றும் சொன்னார். வேறு யாருக்காவது மறுப்பு உண்டா என்று தலைவர் கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. சுத்தியலைத் தட்டினார். வாக்கியம் சேர்ந்தது.

கைதட்டல் அடங்கியதும் டீச்சரம்மா மறுபடி மைக்கைக் கேட்டு வாங்கினார். எங்கள் மொழியில், இந்த முறை பிரம்பில்லாமல் பேசினார். "இன்னிக்கு இங்க ஜெயிச்சது நான்னு எல்லாரும் எனக்குக் கை கொடுக்கறீங்க. எனக்கு உங்க மொழி வராது. மத்தியானத்துலேர்ந்து நீங்க கேட்டதெல்லாம் பின்னாடி கண்ணாடிக்குள்ள இருக்கற அந்தப் பொண்ணோட குரல். மாத்திப் பேச ஆள் இல்லாம, தொண்டை கிழிய, எனக்காகப் பேசினா. அவ முகத்தை நான் இன்னும் சரியாப் பார்த்ததுகூட இல்லை. அவளுக்கு என் நன்றி."

மற்றக் காதில் ஒன்றும் வரவில்லை.

ஹெட்போனைத் தட்டிப் பார்த்தேன். கீழே பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. யார் யாருடைய கோபத்தையோ பெருமையையோ தயங்காமல் 'நான்' என்று சொன்னவள், தன்னைப் பாராட்டும் நாலு வரியைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையில் அதைவிடப் பெரிய தவறு கிடையாது. அரங்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மொழிபெயர்ப்பு வரவில்லையே, கருவியில் ஏதாவது கோளாறா என்று தலைவர் விசாரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கோளாறு ஒன்றுமில்லை என்று மாடியிலிருந்தே கத்தியிருப்பேன். ஆனால் பார்வையாளர் வாய் திறந்தால் வெளியே தள்ளிவிடுவார்கள்.

வெண்கலம் கையை நீட்டி அவள் முன்னாலிருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். தகரத்தைச் சிமெண்ட் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. மத்தியானத்திலிருந்து பூட்டிக் கிடந்த தொண்டையைத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பிய்த்து எடுத்து, டீச்சரம்மா சொன்னதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சொன்னார். ஒன்றையும் விடவில்லை. 'அவளுக்கு என் நன்றி' என்று முடித்துவிட்டு இருமினார்.

யாரும் சிரிக்கவில்லை. முதலில் டீச்சரம்மாதான் எழுந்து பின்பக்கம் திரும்பினார். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள். அந்த மரியாதையான மனிதரும் எழுந்தார். எல்லா முகமும் கூண்டைப் பார்த்து நின்றது. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நானும் எழுந்து கைதட்டினேன். காவலர் ஓடி வந்து, மாடியில் கைதட்ட அனுமதியில்லை, உட்காருங்கள் என்றார். அது என் வீட்டுக்காரி என்றேன். அவர் என்னையும் என் நகக்கண்ணில் இருந்த கருப்பையும் பார்த்தார். கீழே பார்த்தார். அப்புறம் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வெளிவாசலில் காத்திருந்தேன். பார்த்தவர்களிடமெல்லாம், மழைக்கு ஒதுங்கியிருந்த ஓட்டுநர்கள் உட்பட, உள்ளே பேசியது யார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாரும் போன பிறகுதான் அவள் வந்தாள். படியிலேயே நின்றுவிட்டாள். என் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறாள் என்று புரிந்தது.

"பட்டறை?" என்றாள். காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

பட்டறைக்கு என்ன செய்வது என்று எனக்கு அப்போது தெரியாது. பாட்டரி வண்டி வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும், அல்லது வேறு ஏதாவது பார்க்க வேண்டும். பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"இனிமே யார் கேட்டாலும் சொல்லுவேன். என் பட்டறைக்குப் பூட்டு போட்டது என் பொண்டாட்டி. ஊர்ல வேற எவனுக்காவது இப்படிச் சொல்லிக்க முடியுமா, சொல்லு."

அவள் என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டு, அப்படியே சாய்ந்து அழுதாள்.