நாலு நாலாக

வெல்டிங் கொட்டகையிலிருந்து வந்த இரும்பு பிரேமின் ஒரு முனையை, எல்லோரும் பெல்ட் என்று கூப்பிடும் சுமையாள் பிடித்திருந்தான். மறுமுனையில் அவன் மச்சான். காரின் மூக்குக்குள் ரேடியேட்டரையும் விளக்குகளையும் தாங்கி நிற்கும் பிரேம் அது. வழியில் படிக்கட்டு, தள்ளுவண்டி ஏறாது, ஆள்தான் ஏற வேண்டும். இடுப்பு தேய்ந்துபோய் எந்நேரமும் பட்டை கட்டியிருப்பதால் சுமையாளுக்குப் பெல்ட் என்ற பெயர். இன்னும் பாரம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால்தான், இரும்புக்குப் பதில் கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக் பிரேம் வரப்போகிறது என்று மேனேஜர் வாயெல்லாம் பல்லாக அறிவித்தபோது அவன் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினான்.

"நல்லாத் தட்டு மாப்ளே," என்றான் மச்சான். "ரெண்டு பேர் தூக்கினதை ஒருத்தன் தூக்குவான். அப்ப இன்னொருத்தன் எதுக்கு?"

"உனக்கு எல்லாத்துலயும் குத்தம்தான் மச்சான். என் இடுப்பு பிழைச்சா போதும்."

புது பிரேம் வந்த அன்றே மச்சானைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெல்ட்டுக்கு வருத்தம்தான். ஆனாலும் பிரேமை ஒண்டியாகத் தூக்கிப் படியேறியபோது இடுப்பு முனகவில்லை. வெட்கங்கெட்ட சந்தோஷம் அது. அதுவும் மத்தியானம்வரைதான்.

"என்னய்யா, ஒண்ணொண்ணா ஊர்வலம் கொண்டு போறே?" என்று சூப்பர்வைசர் கத்தினான். டீ கிளாஸைவிடக் கனமாக எதையும் தூக்கி அறியாதவன். "நாலு நாலா முதுகுல கட்டிக்கிட்டுப் போ."

"இடுப்பு சரியில்ல சார். டாக்டர் பாரம் தூக்கக் கூடாதுன்னு..."

"இரும்பு தூக்குனப்ப இல்லாத வலி பிளாஸ்டிக்குக்கு வந்துடுச்சா? முடியலன்னா சொல்லு. உன் மச்சான் சும்மாதானே இருக்கான்?"

பெல்ட் குனிந்து முதுகைக் காட்டினான். நாலும் முதுகில் ஏறியதும், மச்சானோடு தூக்கிய இரும்பே தேவலை என்றிருந்தது.

பிரேமை வாங்கும் கார் கம்பெனியின் பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தபோது அவன் பாதிப் படியில் குனிந்து நின்றான். மேனேஜர் கை காட்டினார்.

"அப்படியே நில்லு."

அவன் முதுகுச் சுமையிலிருந்து மேல் பிரேமை உருவி, ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கினார்.

"பாருங்க, எவ்வளவு லேசுன்னு!"

அவர்களுக்கு ஒரே ஆச்சரியம். ஆளாளுக்கு வாங்கித் தூக்கிப் பார்த்தார்கள், சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள். பெல்ட் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றான். எல்லோரும் பார்த்து முடித்ததும் மேனேஜர் பிரேமை எடுத்த இடத்திலேயே, அவன் முதுகின்மேல் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.