மூன்று பட்டன்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். தொட்டிக்கு மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினான். பிறகு மனைவியின் கறுப்பு போனை சார்ஜில் போட்டான். கல்யாணமான மூன்று வருடமாக அந்த வேலை அவனுடையது. அவள் உடல் ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஏழரைக்கு அந்த போன் அடித்தது.

திரையில் 'நீலச் சட்டை' என்று இருந்தது. வீட்டில் அடிவாங்கும் பெண்களை மீட்டுக் காப்பகத்தில் வைக்கும் அமைப்பை அவள் நடத்திவந்தாள். கூப்பிடுகிறவளின் பக்கத்திலேயே புருஷன் நிற்கலாம். அதனால் போனில் பெயர்கள்கூடச் சட்டைகள்தான், பேச்செல்லாம் தையல் கடைப் பேச்சு. சட்டை தைச்சாச்சா என்பார்கள். எத்தனை பட்டன் என்று இவள் கேட்பாள். போனை எடுப்பது எப்போதும் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அங்கே ஆண் குரல் கேட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

போனைத் தன் அக்காவிடம் நீட்டினான். "நீ எடு. தையல் கடை மாதிரி பேசு."

அக்காவின் கண்கள் வீங்கியிருந்தன. "என்னடா உளர்ற? ஊசியில நூல் கோக்கத் தெரியாது அவளுக்கு. இதுல கடை வேறயா?"

"எடுக்கா!"

எடுத்தாள். அவனும் காதை ஒட்டிவைத்தான்.

"அக்கா, என் சட்டை தைச்சாச்சா?"

மறுமுனையில் அவளுக்குப் பின்னால் ஒரு ஆண், "யாரு அது?" என்றான்.

தம்பி கிசுகிசுத்ததை அக்கா அப்படியே கேட்டாள். "எத்தனை பட்டன்மா?"

"மூணு."

இணைப்பு அறுந்தது.

ஒன்று என்றால் மனைவி சாப்பிட்டு முடித்துவிட்டுக் கிளம்புவாள். இரண்டு என்றால் தட்டிலேயே கை கழுவிவிட்டு ஓடுவாள். மூன்று என்று அவன் கேட்டதே இல்லை.

காப்பகத்து நர்ஸை அழைத்து, மூன்று பட்டன் என்றால் என்ன என்று கேட்டான்.

"எனக்கும் தெரியாது தம்பி. அந்தக் கணக்கு அவ மனசுல மட்டும்தான் இருந்துச்சு. எனக்காவது சொல்லிவைன்னு கெஞ்சினேன். அடுத்த மாசம் ஒருத்தியைப் பழக்கிடறேன்னா. மூணு வருஷமா அடுத்த மாசம்."

"இப்ப என்ன பண்றது?"

"நீங்க திருப்பி போன் பண்ணிடாதீங்க. அந்தாள் எடுத்தா முடிஞ்சது. அவளே மறுபடி கூப்பிட்டா, அளவெடுக்கணும், பஸ் ஸ்டாண்டுக்கு வான்னு உங்க அக்காவைச் சொல்லச் சொல்லுங்க. நான் போய் நிக்கறேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆறு தடவை அடிக்கறதுக்குள்ள எடுத்துடணும். அதுக்கு மேல காத்திருக்க மாட்டாங்க."

போனின் ஒலியைக் கூட்டினான். இரண்டு முறை சரிபார்த்தான். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாற்காலிகள் இழுபட்ட ஒவ்வொரு முறையும் போனைக் காதருகே கொண்டுபோனான். பக்கத்து வீட்டுக்காரர் அருகில் வந்து, "அழுதுடுப்பா, அடக்காத" என்றார்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றான். அவர் முகம் மாறியது.

மணியடித்தால் கேட்க வேண்டும். அடிக்காவிட்டால்? எட்டு மணி. எட்டரை. அந்த வீட்டில் மூன்று என்பது மூன்று மணி நேரமாக இருக்கலாம். மூன்று நாளாக இருக்கலாம். மூன்றாவது மாடியாகக்கூட இருக்கலாம்.

ஒன்பதுக்கு வண்டிச் சத்தம் கேட்டது. அக்கா தலையிலடித்துக்கொண்டு கீழே ஓடினாள். எல்லோரும் அவள் பின்னால் போனார்கள்.

போன் அடித்தது. நீலச் சட்டை.

வீட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை.

செருப்பில்லாமல் படிகளில் இறங்கினான். இரண்டு. வழியில் நின்றவர்களைத் தள்ளினான். மூன்று. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது, வெள்ளைத் துணி தெரிந்தது. நான்கு. அங்கே பார்க்காமல் கடந்தான். ஐந்து. அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, போனை அவள் காதில் அழுத்தினான்.

அக்கா அழுகையை விழுங்கினாள். "சொல்லும்மா. அளவெடுக்கணும். பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இருவரும் காத்து நின்றார்கள். வண்டிக்காரர் அவனைத்தான் கூப்பிட்டார், ஒரு பக்கம் பிடிக்க. அவன் திரும்பவில்லை.

நேற்றுக் காலையும் இந்த போன் மேசைமேல் அடித்தது. அவன் கையை நீட்டினான். குளியலறைக்குள்ளிருந்து அவள் குரல் கொடுத்தாள். ஆறு முறை அடித்து ஓய்ந்த பிறகும், தேநீர் ஆறியும் குளியலறைக் கதவு திறக்காத பிறகும், அவன் அவள் பேச்சைக் கேட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"நீ எடுத்துடாத. இதோ வந்துட்டேன்."