மதியம் என்ன சாப்பிட்டீங்க?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது என் அம்மா. கையில் பொது மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு. நான் எழுந்திருப்பதற்குள் நோயாளிகளுக்கான ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"இங்க எதுக்கும்மா வந்தே?"

"டாக்டர்தான் அனுப்பினாரு. சாப்பாட்டு விஷயத்துக்கு இந்த ஆஸ்பத்திரியில இருக்குறதே ஒரு ரூம்தானாம். அதுல நீ உக்காந்திருக்கே. நான் என்ன பண்றது?"

வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சீட்டைப் பிரித்தேன். சர்க்கரை அடிக்கடி மிகவும் இறங்கிவிடுகிறது, குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறார், உணவுமுறையை விசாரிக்கவும். டாக்டர் புதியவர், இது யாருடைய அம்மா என்று அவருக்குத் தெரியாது. எனக்கோ அவள் விழுந்ததே தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

"எப்ப விழுந்தே?"

"போன வாரம். கை லேசா கன்னிப்போச்சு, அவ்வளவுதான்." முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். நீலம் பாரித்திருந்தது. தலையில் பட்டிருந்தால்?

உணவியல் படிக்கப் போகிறேன் என்றபோது "சமைக்கிறதுக்கு ஒரு பட்டமா?" என்று கேட்டவள் இவள். அப்பாதான் "படிக்கட்டும் விடு" என்றார். படித்து முடித்து, ஒப்பந்த வேலையில் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் பால் அளந்து, உப்பில்லாத சாப்பாட்டுக்காக வார்டு வார்டாகத் திட்டு வாங்கி, ஒருவழியாக நிரந்தரமாகி இந்த அறை கிடைத்தது. அறை என்றால், மருந்துக் கிடங்கில் பாதி. ஆனாலும் கதவில் என் பதவியை எழுதினார்கள். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் இன்னும் காயல" என்றாள். அவளுக்குத் தெரிந்த பாராட்டு அதுதான்.

எங்கள் தொழிலில் முதல் வேலை, நேற்றைய நாளைக் கேட்பது. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன சாப்பிட்டார்கள், எந்தக் கிண்ணத்தில், எத்தனை கரண்டி. கேட்கும்போது புருவம் உயரக் கூடாது, 'அடடா' வரக் கூடாது. நம் முகம் மாறினால் அடுத்த பதில் பொய்யாகிவிடும். ஊராரிடம் இதில் நான் கெட்டிக்காரி. வீட்டில் கதையே வேறு. செருப்பைக் கழற்றும்போதே "மாத்திரை போட்டியா?" என்று ஆரம்பித்து, அட்டையை எடுத்து எண்ணிப் பார்ப்பேன். ஒன்று கூடுதலாக இருந்தாலும் வீடு இரண்டாகும்.

பேனாவை எடுத்தேன். "சொல்லுங்கம்மா. நேத்து காலைல எழுந்ததும் என்ன சாப்பிட்டீங்க?"

'நீங்க' என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டீ. பாதி டம்ளர். பொண்ணு கிளம்புற அவசரத்துல மீதி ஆறிப்போச்சு."

"அப்புறம்?"

"ரொட்டில அரைத் துண்டு. மாத்திரை."

"மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

பையின் காதைத் திருகினாள். "ஒண்ணும் இல்ல. மாத்திரை மட்டும் போட்டேன்."

"முந்தாநேத்து?"

"அன்னைக்கும் இல்ல."

என் முகம் மாறவில்லை. எப்படி மாறாமல் இருந்தது என்று எனக்கே தெரியாது.

"வீட்டுல சமைக்கிறீங்கல்ல?"

"பொண்ணுக்கு டப்பால போட்டுக் குடுத்துட்டு எனக்கும் மிச்சம் இருக்கும். எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தா, ஒத்தைத் தட்டும்மா. அவர் போனதுல இருந்து தொண்டைல இறங்க மாட்டேங்குது. ராத்திரி அவ வந்ததும் சேர்ந்து சாப்பிட்டுக்குவேன்."

"சாப்பிடாம மாத்திரை போடக் கூடாதுன்னு உங்க பொண்ணு சொல்லலியா?"

"சொன்னா. ஆனா வந்ததும் அவ பாக்குறது மாத்திரை அட்டையைத்தானே? பாவம், நாளெல்லாம் ஊருக்கே சொல்லிட்டு களைச்சுப் போய் வருது. அட்டையாவது சரியா இருந்தா சண்டை இல்லாம ரெண்டு பேரும் சாப்பிடலாமேன்னுதான்."

எழுதுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். கண் நிறைந்து காகிதம் தெரியவில்லை. சண்டை இல்லாமல் ஒரு வேளை சாப்பிடுவதற்காக, வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு விழுந்திருக்கிறாள்.

"அடியேய், அழாதே. வெளியில ஆளுங்க நிக்கிறாங்க. நீயே அழுதா அவங்க எங்க போவாங்க?"

டாக்டரிடம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அம்மா இரண்டு முறையும் தலையாட்டினாள். வெளியில் வந்ததும் கேட்டேன்.

"இனிமே மதியம் சாப்பிடுவியா?"

"பாக்கலாம்."

அவள் அகராதியில் 'பாக்கலாம்' என்றால் இல்லை. வேலையை விட்டுவிட்டு மதியம் வீட்டுக்கு ஓட முடியாது. தினமும் இரண்டு பேருந்து மாறி அவளை இங்கே வரச்சொல்லவும் முடியாது. ஊருக்கெல்லாம் உணவுத் திட்டம் எழுதும் எனக்கு நாளைக்கு என்ன எழுதுவதென்று புரியவில்லை.

"இன்னைக்கு இரு. சேர்ந்து சாப்பிடலாம்."

சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சு உண்டு. டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்து அவளிடம் கொடுத்தேன். சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே அவித்த முட்டை இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். சாப்பாட்டு வண்டிகள் கடகடவென்று வார்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அம்மா முதல் கவளத்தை எடுத்தாள். அடுத்ததை எடுக்கிறாளா என்று அவள் கையையே பார்த்தேன்.

"என்னையே பாக்காதடி. நீ சாப்பிடு."

தலையைக் குனிந்து சாப்பிட்டேன். பக்கத்தில் அம்மா நிதானமாக மெல்லும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.