கடாரத்துக்கு ஆள் இல்லை

சோழ நாட்டுக்கு ஆள் திரண்டு வந்திருந்தது. கடாரத்துக்குத்தான் ஒரு ஆள்கூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சிங்கப்பூரின் பஃபலோ ரோட்டில் தேக்கா சந்தையை ஒட்டிய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அலைகடல் நாடகக் குழு கூடியிருந்தது. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு, இராஜேந்திர சோழன் கப்பலேறிப் போய், இன்றைக்கு மலேசியாவில் கெடா என்று இருக்கும் கடாரத்தை வென்ற கதையைப் பதினைந்து நிமிட நாடகமாகப் போடுவது என்று முடிவாகியிருந்தது. எழுதியவன் சுரேந்தர். இயக்குபவனும் சுரேந்தர். இராஜேந்திர சோழனாக யார் நடிப்பது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற மாதிரியும் அவன் உட்கார்ந்திருக்கவில்லை. சாங்கி பிசினஸ் பார்க்கில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் நல்ல வேலை, கோயம்புத்தூர்க்காரன், கணீரென்ற குரல். மன்னனாவதற்கு வேறென்ன வேண்டும்?

தளபதி வேடத்துக்கு நான்கு பேர் கை தூக்கினார்கள். படைவீரர்களுக்கு ஆறு பேர். கடைசிக் காட்சியில் ஒரு யானை வரும். அதற்கு முன்னங்கால் ஒருவர், பின்னங்கால் ஒருவர். அதற்குக்கூடப் போட்டி. கடாரத்து அரசன் யார் என்றதும் எல்லோருக்கும் திடீரென்று கைப்பேசியில் வேலை வந்துவிட்டது.

"நிதீஷ், நீ பண்ணேன்டா. ஒரே ஒரு வசனம்தான்" என்றான் சுரேந்தர்.

"வேணாம் சார். யானைக்குப் பின்னங்காலா வேணும்னாலும் வரேன், தோத்தவனா வர மாட்டேன். ஊர்ல வீடியோ பாப்பாங்க."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். துவாஸிலிருந்து ரயிலேறி அரை மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்த இருதயராஜ்தான் அன்றைக்கு அந்த ஆண்டி. கப்பல் பட்டறையில் வெல்டர். பதினோரு வருடமாக இரும்புத் தகடுகளை ஒட்டிக்கொண்டிருப்பவன். நாடகக் குழுவில் சேர்ந்து இரண்டு வருடமாகியும் இதுவரை கிடைத்தவை ஊர்க்காரர் ஒன்று, ஊர்க்காரர் இரண்டு ஆகிய வேடங்கள் மட்டுமே.

"அண்ணே, உங்களுக்கு ராஜா வேஷம்" என்றான் சுரேந்தர், வாய் நிறையச் சிரித்து.

"கிரீடம் உண்டா சார்?"

"உண்டு. கடைசில கழட்டிக் குடுத்துடணும், அவ்ளோதான்."

இருதயராஜ் சரி என்றான். போதாக்குறைக்கு, கப்பல் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான் என்பதால், சோழர் கப்பலை அட்டையில் செய்யும் வேலையும் அவன் தலையில் விழுந்தது. தன்னைத் தோற்கடிக்க வரும் கப்பலைத் தானே உட்கார்ந்து வெட்டி ஒட்டிய அரசன் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அன்று மாலை நாகப்பட்டினத்துக்குப் போன் செய்து மகள் பவித்ராவிடம் சொன்னான். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள்.

"அப்பா ராஜாவா நடிக்கிறேன்மா. ஃபேஸ்புக்ல நேரா காட்டுவாங்க."

"ஐ! எந்த ராஜாப்பா?"

"கடாரத்து ராஜா."

அந்தப் பக்கம் புத்தகம் புரட்டும் ஒலி கேட்டது. "எங்க சோஷியல் புக்ல இருக்குப்பா. ராஜேந்திரனுக்குப் படம் போட்டிருக்கு. உன் ராஜா ஒரே வரிலதான் வர்றாரு. தோத்துப் போறாரு."

"ஆமா. ஆனா பெரிய ராஜா."

"அவரு என்னப்பா தப்பு பண்ணாரு?"

இருதயராஜ் விழித்தான். கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டாலும் அவனுக்குத் தெரியாது. கேட்டுச் சொல்கிறேன் என்றான். அடுத்த வாரம் அவளே கேட்டாள்: "மிஸ்ஸ கேட்டேன்ப்பா. பரிச்சைக்கு வராதுன்னுட்டாங்க. நீ கேட்டியா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாக்க வர்றாங்க. எங்க அப்பா ஏன் தோக்குறாருன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

தோற்பதில் அவனுக்குப் பெரிய வருத்தம் இல்லை. பிழைக்க வந்தவனுக்கு அது பழகிப்போன சங்கதி. ஆனால் மகள் தன் சிநேகிதிகளை வீட்டில் உட்கார வைத்து, அவர்கள் முன்னால் அப்பா எதற்கென்றே தெரியாமல் மண்டியிடுவதைப் பார்க்கப் போகிறாள் என்பது அவனை அரித்தது. காரணத்தோடு தோற்றால்கூட ஒரு கௌரவம் உண்டு.

துவாஸ் லிங்கிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். வழக்கமாகத் தூங்குவான். அடுத்த ஞாயிறு கைப்பேசியில் தன் ராஜாவைத் தேடினான். சங்கிராம விஜயோத்துங்கவர்மன் என்று பெயர். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லவே மூன்று ரயில் நிலையம் பிடித்தது. பூன் லே தாண்டியபோதுதான் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அந்தக் குலத்து அரசர்கள் புத்தரைக் கும்பிட்டவர்கள். வியாபாரத்துக்காகத் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து போகும் தங்கள் ஆட்கள் வழிபட ஒரு விகாரை கட்டினார்கள். எங்கே? நாகப்பட்டினத்தில். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தை எழுதிவைத்தவன் இராஜராஜ சோழன், சிவபக்தன். அப்பா சொன்னதைச் செப்பேட்டில் வெட்டி உறுதி செய்து கொடுத்தவன் இதே இராஜேந்திரன். கடாரத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. நாகையின் சிவன் கோயிலுக்கு நகை கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் கொஞ்ச வருடம்தான். பிறகு பட்டயம் கொடுத்த கையே படையெடுத்துப் போயிருக்கிறது.

விகாரையின் செங்கல் கோபுரம் எண்ணூறு ஆண்டுக்கு மேல் நின்றது என்றும், நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்கார அரசாங்கத்திடம் அனுமதி வாங்கி அதை இடித்தவர்கள் கத்தோலிக்கப் பாதிரிமார்கள் என்றும் படித்தபோது அவனுக்கு முகம் சுருங்கியது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் அவன். அந்த ஊரிலேயே பிறந்து, அந்த மண்ணிலேயே பந்து விளையாடி, ஒரு சங்கதியும் தெரியாமல் வளர்ந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அதற்குள் ரயில், அவன் வண்டி மாற வேண்டிய ஊட்ரம் பார்க்கைத் தாண்டிப் போய்விட்டது. இறங்கித் திரும்பி வந்து, அன்றைக்கும் தாமதம்.

ஒத்திகை முடிந்ததும் சுரேந்தரை ஓரமாகக் கூப்பிட்டான்.

"சார், எனக்கு ஒரே ஒரு வசனம் சேத்துக் குடுங்க. மண்டி போடுறதுக்கு முன்னால ஒரு கேள்வி. எங்க வம்சம் உங்க துறைமுகத்துல கோயில் கட்டுச்சு, உங்கப்பா ஊர் குடுத்தாரு, நீங்களே பட்டயம் குடுத்தீங்க, அப்புறம் எதுக்கு வந்தீங்கன்னு."

சுரேந்தர் முகவாயைத் தடவினான். "நல்லாதான் இருக்கு. ஆனா அப்படிக் கேட்டா ராஜேந்திரன் என்னண்ணே பதில் சொல்வான்?"

"அதத்தான் சார் நானும் கேக்குறேன். என் பொண்ணு கேக்குது."

"வியாபாரம்தான். சீனாவுக்குப் போற கப்பல வழில மறிச்சிருப்பாங்க, சுங்கம் கேட்டிருப்பாங்க. ஆளுக்கு ஒண்ணு எழுதியிருக்காங்க, எதுவும் நிச்சயமில்ல."

"அப்ப அதயே சொல்லுங்க சார். கப்பலுக்கு வழி விடல, அதான் வந்தேன்னு."

"நல்லா இருக்கே! இங்க ஜனங்க பெருமைப்பட வர்றாங்கண்ணே. நான் மீசைய முறுக்கிட்டு நின்னு சுங்கவரியப் பத்திப் பேசினா எவனாவது கை தட்டுவானா? பதினஞ்சு நிமிஷந்தான் டைம். விடுங்க."

பக்கத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த விசாலாட்சி அக்கா தலையைத் திருப்பினார். சிங்கப்பூரிலேயே பிறந்தவர், ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. மேடைக்குப் பக்கவாட்டில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு.

"அவர் கேக்கட்டும்லா, சுரேந்தர். வர்றவங்கள்ல மலாய்க்காரங்களும் இருக்காங்க. அவங்க ஊரப் புடிச்சத அவங்க முன்னாலயே ஆடிக் காட்டிட்டு, அப்புறம் ஒண்ணா உக்காந்து பிரியாணி சாப்பிடப் போறோம். ஒரு வார்த்த நியாயமா பேசினா என்ன குறைஞ்சிடும்?"

"அக்கா, ஸ்கிரிப்ட் லாக் பண்ணியாச்சு" என்றான் சுரேந்தர். மன்னன் பேசி முடித்தால் முடித்ததுதான்.

இருதயராஜ் போய் அக்காவோடு நாற்காலிகளை அடுக்கினான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லா ஒத்திகையிலும் சொன்ன இடத்தில் மண்டியிட்டான், சொன்ன நேரத்தில் கிரீடத்தைக் கழற்றினான். நல்ல பிள்ளை என்று சுரேந்தரும் மறந்துபோனான்.

விழா கேலாங் ஈஸ்ட்டில் ஒரு சமூக மன்றத்தில் நடந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் வட்டாரக் குழுத் தலைவர், மலாய்க்காரர், மனைவியோடு வந்து மரியாதையாக உட்கார்ந்திருந்தார். திரைக்கு மேலே ஆங்கிலத்தில் வசனம் ஓடியது. ஓரத்தில் முக்காலித் தாங்கியில் நின்ற கைப்பேசி எல்லாவற்றையும் நாகப்பட்டினத்துக்கும் கோயம்புத்தூருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது.

அட்டைக் கப்பல் ஆடி அசைந்து வந்தபோதே கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. யானை வந்தது, பின்னங்கால் முன்னங்காலை இரண்டு முறை மிதித்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. சுரேந்தர் வாளை உருவிக்கொண்டு முன்னால் வந்தான். உண்மையிலேயே கம்பீரமாகத்தான் இருந்தான்.

"கடாரத்தரசே! உன் படை அழிந்தது. உன் நகரம் வீழ்ந்தது. மண்டியிடு! மணிமுடியைக் கழற்று!"

இருதயராஜ் 'சரணம்' என்று சொல்ல வேண்டும். ஓரத்தில் நின்ற கைப்பேசியைப் பார்த்தான். அதற்குள்ளே பவித்ரா இருக்கிறாள், அவளைச் சுற்றிச் சிநேகிதிகள் இருக்கிறார்கள். வாயைத் திறந்தான்.

"சோழ வேந்தே, ஒரு கேள்வி. உமது நாகப்பட்டினத்தில் எம் குலத்தார் புத்தனுக்கு விகாரை கட்டினார்கள். உம் தந்தை அதற்கு ஊர் தந்தார். நீரே செப்பேடு தந்தீர். உம் ஈசனுக்கு நாங்கள் நகை தந்தோம். இவ்வளவும் கொடுத்து வாங்கிய பிறகு, என்ன பிழைக்காக என் ஊரை எரிக்க வந்தீர்?"

சொல்லிவிட்டு நின்றான். 

சுரேந்தர் பேயறைந்தவன் மாதிரி நின்றான். பக்கவாட்டைப் பார்த்தான். விசாலாட்சி அக்கா காகிதங்களை அவசரமாகப் புரட்டினார்; இல்லாத வசனத்தை எங்கே தேடுவது? படைவீரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேலே ஆங்கில வரி நின்றுபோயிருந்தது. முதல் வரிசையில் மலாய்க்காரர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்க, அவர் காதோடு சொல்ல, மலாய்க்காரர் மெல்லத் தலையசைத்துவிட்டு மேடையையே பார்த்தார். அரங்கம் முழுவதும் இராஜேந்திர சோழனின் பதிலுக்குக் காத்திருந்தது.

சுரேந்தருக்கு வேர்வையில் ஒட்டு மீசையின் ஒரு பக்கம் பிரியத் தொடங்கியிருந்தது. இருதயராஜுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பதினோரு வருடத்தில் அவன் கேட்டு யாரும் இப்படித் திணறியதில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கோயம்புத்தூரில் சுரேந்தரின் அம்மாவும் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது நினைவுக்கு வந்தது. மூன்று மாதம் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு உழைத்த நாடகம், இப்படி நடுக்கடலில் நிற்கிறது. கரை சேர்க்க இப்போது ஒருவனால்தான் முடியும்.

"பதில் உம்மிடம் இல்லை" என்றான் மெதுவாக. "படை இருக்கிறது. சரி, சரணம்."

தானே கிரீடத்தைக் கழற்றினான். தானே மண்டியிட்டான். சுரேந்தரின் கை அதை வாங்க மறந்து தொங்கியதால், மெல்ல அந்தக் கையில் வைத்தான். கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது நெடுநேரம் ஓயவில்லை. அது யாருக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒப்பனை அறையில் சுரேந்தர் கதவைச் சாத்தினான். "கொன்னுட்டீங்களேண்ணே என்னைய! ஒரு வார்த்த முன்னாலயே சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே சார்."

சுரேந்தர் பிரிந்த மீசையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த நேரத்தில் இருதயராஜின் கைப்பேசி அடித்தது. திரையில் பவித்ரா, அவள் தோளுக்குப் பின்னால் நாலைந்து தலைகள்.

"அப்பா, சூப்பரா கேட்டப்பா! ஆனா அவரு பதிலே சொல்லல."

"ஆமாம்மா. சொல்லல."

"அப்புறம் நீ ஏன் முட்டி போட்ட?"

"நாடகம் முடியணும்லம்மா."

அவள் முகம் வாடியது. அதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை. எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று யோசிப்பதற்குள் அவளே கேட்டாள்: "அந்த ராஜா சார் அங்க இருக்காரா? அவர்ட்ட போனக் குடு."

இருதயராஜ் தயங்கினான். சுரேந்தர் அதைக் கேட்டுவிட்டுத் தானாகவே கையை நீட்டினான். பொன்முலாம் பூசிய மகுடமும் பாதி மீசையுமாக அவன் முகம் நாகப்பட்டினத்தில் தெரிந்ததும் அங்கே ஒரு சிரிப்பலை எழுந்து அடங்கியது.

"சார், அவரு என்ன தப்பு பண்ணாரு?"

சுரேந்தர் சமாளிக்கப் பார்த்தான். "அது வந்தும்மா, கப்பல் வழி, வியாபாரம்..." என்று இழுத்தான். பன்னிரண்டு வயதுக் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் இழுப்பதை நிறுத்தினான்.

"எனக்குத் தெரியலம்மா. நெஜமாவே தெரியல."

"அப்ப ஏன் சார் எங்க அப்பாவ முட்டி போடச் சொன்னீங்க?"

சுரேந்தர் மகுடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.  ஊரில் தனக்காகக் கேட்க ஒருத்தி இருக்கிறாள் என்று இருதயராஜ் இத்தனை வருடம் நினைத்துப் பார்த்ததே இல்லை.