வழிகாட்டி ஜெனிபருக்கு

"உங்க ஆத்துல இதுவரைக்கும் எத்தினி பேரு செத்திருக்காங்க?"

இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. வளர்மதி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டூருக்கு ஆளு கூப்புடுறவங்ககிட்ட இப்படியாக்கா கேப்பாங்க?"

"நான் சொல்றத அப்படியே இங்கிலீசுல அடி. உன் அபிப்பிராயத்த யாரும் கேக்கல."

அடித்தாள். வளர்மதி எங்கள் பீங்கான் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். நான் சூளைக்கு வெளியே, வெந்து இறங்கிய சாமான்களைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கும் இடத்தில் மேஸ்திரி. மின்கம்பத்தில் மாட்டும் பீங்கானை விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. ஆக்னஸ் மனுசங்களையும் தட்டிப் பார்த்துத்தான் பேசுவாள் என்று விருத்தாசலத்தில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அன்று மே மாதத்து மத்தியானம். சூளைப் பக்கம் நிற்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸில் ஏசி இருக்கிறதே என்று போய் உட்கார்ந்தேன். வளர்மதி தன் போனை நீட்டி, "அக்கா, இது நம்ம ஜெனிதானே?" என்றாள். நியூசிலாந்தில் ஒரு படகுக் கம்பெனியின் பக்கம். கயாக் என்று ஒல்லியான படகு, ஒருவரோ இருவரோ உட்கார்ந்து துடுப்புப் போடுவது. அதில் ஆட்களை ஆற்றில் கூட்டிப்போகிறவர்கள். வழிகாட்டிகள் என்று ஆறு முகங்கள் போட்டிருந்தார்கள், நான்காவது முகம் என் மகள். தலையில் ஹெல்மெட், குளிரில் வெடித்த உதடு, வாய் நிறையச் சிரிப்பு. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. படத்துக்குக் கீழே 'உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது.

நாங்கள் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஜெனிபரை நர்ஸுக்குப் படிக்க வைத்தேன். அந்த நாட்டுக்குப் போய் ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம் வேலை பார்த்தாள். கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது நான் எவ்வளவு நிமிர்ந்து நடந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். பிறகு ஒருநாள் போன் செய்து, அந்த வேலையை விட்டுவிட்டேன், ஆற்றில் படகு ஓட்டப் போகிறேன் என்றாள். நான் கத்தினேன். படகு தள்ளவா உன்னைப் படிக்க வைத்தேன், இனிமேல் எனக்குப் பொண்ணும் இல்லை, உனக்கு அம்மாவும் இல்லை என்றேன். அவள் "சரிம்மா" என்றாள். சொன்னபடியே இருந்தும் காட்டினாள். வாய் எனக்கு, ரோஷம் அவளுக்கு.

மறுநாளே பதில் வந்தது. வளர்மதி தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

'அன்புள்ள திருமதி ஆக்னஸ், எங்கள் பயணங்களில் இதுவரை யாரும் இறக்கவில்லை. ஆறும் வானிலையும் எங்களைக் கேட்டு நடப்பதில்லை என்பதால் திட்டமிடுவதில் மிகவும் கவனமாக இருக்கிறோம். நீங்கள் எங்களுடன் வர விரும்புகிறீர்களா? இப்படிக்கு, ஜெனிபர், வழிகாட்டி.'

விருத்தாசலம் என்று ஊர் பேரைப் போட்டு, செத்தவர் கணக்குக் கேட்கிற ஆக்னஸ் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் திருமதியாம். அவ்வளவு ஆகிவிட்டதா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"'அன்புள்ள வழிகாட்டி அவர்களுக்கு'ன்னு போடு. வரேன்னு அடி."

"அக்கா, நெசமாவா? எங்கக்கா போவீங்க, இந்தா இருக்குற மங்கலம்பேட்டைக்கா?"

"அடிடின்றேன்."

இப்படித்தான், கோபத்தில், நான் குளிர் ஆற்றுக்குக் கிளம்பினேன். பயணம் நவம்பரில் என்று முடிவானது. நான்கு நாள், ஆறு பேர், ஒரு வழிகாட்டி. அந்த ஆற்றின் பெயர் என் வாயில் நுழையவில்லை, அதனால் ஆறு என்றே சொல்கிறேன்.

வாரத்துக்கு ஒரு கடிதம் வந்தது. என் உயரம் கேட்டாள், எடை கேட்டாள், செருப்பு அளவு கேட்டாள். எல்லாம் தெரிந்தவள்தான். முழங்கால் வலி உண்டா என்று கேட்டபோது மட்டும், 'முன்பு இடது காலில் இருந்தது' என்று எழுதச் சொன்னேன். 'இப்போது எப்படி இருக்கிறது' என்று தனியாக ஒரு வரி மட்டும் எழுதிக் கேட்டாள். அந்த வரியை வளர்மதியை மூன்று முறை படிக்க வைத்தேன்.

பருத்தித் துணி கூடாது என்று ஒரு கடிதத்தில் வந்தது. நனைந்தால் பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், கம்பளி வேண்டும் என்று விளக்கியிருந்தாள். பிறந்ததிலிருந்து பருத்தியைத் தவிர ஒன்றையும் நம்பாதவள் நான். கடைத்தெரு முழுக்க அலைந்து கம்பளிச் சட்டை கேட்டேன். வெயில் அடிக்கிற அடிக்குக் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, முதலில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கடைசியில் போன வருடம் விற்காமல் கிடந்த ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு, ஐஸ் கம்பெனியில் வாங்கிய கட்டியை உடைத்துப் போட்ட தொட்டியில் கால்களை விட்டு உட்கார்ந்தேன். முதலில் கால் எரிந்தது. பிறகு கால் இருக்கிற இடமே தெரியவில்லை. என் பெண் வருடக்கணக்காக இதில்தான் நிற்கிறாளா என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. தனியாக இருந்ததால் நன்றாகவே அழுதேன்.

படகில் காலை நீட்டித்தான் உட்கார வேண்டும். தினமும் சாயங்காலம் சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, துணி காயப்போடும் கழியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு உட்காருவேன். வலது, இடது, வலது, இடது. ஜன்னலுக்கு வெளியே கடலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் பஸ் சத்தம் தூரமாகும். தரை மெல்ல அசையும். கண்ணை மூடினால் இரண்டு பக்கமும் உயரமான மலை, உச்சியில் வெள்ளை, நடுவில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். மேகம் ஒன்று வந்து மலையை எடுத்துக்கொண்டு போய்விடும், பிறகு வேறு இடத்தில் கொண்டுவந்து வைக்கும். மழை தூறும், உடனே வெயில் வரும், வெயிலிலேயே பனி விழும். நான் பயப்படாமல் துடுப்புப் போடுவேன். குக்கர் விசில் வந்த பிறகுதான் தரை நிற்கும்.

அந்த ஆற்று வானிலையைப் போனில் வைத்துக்கொண்டேன். இங்கே நாற்பத்தொன்று, அங்கே இரண்டு. சூளை வாசலில் சாமான் தட்டிக்கொண்டிருக்கும்போதே, அங்கே இப்போது காற்று மாறியிருக்கும் என்று தோன்றும். தோளைக் குறுக்கிக்கொள்வேன். கூட வேலை செய்கிறவர்கள், அக்காவுக்கு இந்த அனலிலும் குளிருகிறது என்று சிரித்தார்கள். மணிமுத்தாற்றுப் பாலத்தில் நடந்து போகையில் கீழே வெறும் மணல். அதன் மேல் அந்தத் தண்ணீர் வந்து ஓடும். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோக்காரர் திட்டுகிற வரை நிற்பேன். வீடு, கோயில், கம்பெனி, எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த ஆறு ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கால் நனையவில்லை, எனக்கு மட்டும் நனைந்தது.

ஜூலையில் நீளமான கடிதம் வந்தது. வானிலை நன்றாக இருந்தால் இப்படி, ஆறு பெருகினால் ஏரிக்குப் போவது, காற்று அதிகமானால் விடியற்காலையில் கிளம்பி பத்து மணிக்குள் கரையேறுவது, பனி விழுந்தால் கரையிலுள்ள மரக்குடிசையிலேயே இருந்து கஞ்சி காய்ச்சிக் குடிப்பது. ஒவ்வொன்றுக்கும் நேரம், இடம், மாற்று உடை, யார் எந்தப் பையைத் தூக்குவது என்பது வரை. குளித்த துண்டை என்றைக்காவது அவள் கொடியில் போட்டிருக்கிறாளா? அந்தப் பெண் முன்பின் தெரியாதவர்களுக்காகக் காற்றையும் மழையையும் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். சூளை ஆறுவதற்கு முன் கதவைத் திறக்காதே என்று நான் தினமும் கத்துவதும் இதே கவனம்தான். இதையா படகு தள்ளுவது என்று சொன்னேன்?

நீச்சல் தெரியாது என்று சொல்லியிருந்தேன். இரட்டைப் படகில் என்னை முன்னால் உட்கார வைப்பதாக எழுதியிருந்தாள். அதோடு ஒரு கேள்வியும் இருந்தது. 'பயம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எல்லாரிடமும் கேட்போம். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள்.'

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வளர்மதியிடம் போனேன்.

"கத்துவேன்னு போடு. பயம் வந்தா எனக்குக் கோவமாத்தான் வரும், வாயில வந்ததெல்லாம் பேசிடுவேன்னு போடு. பேசுனதுல பாதி பயம்தான்னு போடு."

வளர்மதி அப்படியே அடித்தாள்.

வழக்கமாக மறுநாள் வரும் பதில், நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தது. 'தகவலுக்கு நன்றி. பயந்தவர்கள் கத்தினால் அதைத் தன்மேல் உள்ள கோபம் என்று வழிகாட்டி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். நான் அதை மறந்திருந்தேன். இப்படிக்கு, ஜெனிபர்.' வழிகாட்டி என்ற சொல் அன்றைக்கு இல்லை. அப்போதாவது நான் போனை எடுத்துப் பேசியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை. அவளே முதலில் அம்மா என்று எழுதட்டும் என்று இருந்தேன். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

செப்டம்பரில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. கடைசியாக ஒரு பாரம் அனுப்பினார்கள். சாப்பாட்டு நேரத்தில் வளர்மதி ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினாள். ரத்த வகை, மாத்திரைகள், அலர்ஜி, பேசுவதற்கு என் போன் நம்பர். பிறகு நின்றாள்.

"அவசரம்னா யாரக் கூப்புடணும்னு கேக்குதுக்கா. பேரு, உறவு, நம்பரு."

"அத வுட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

"போக மாட்டேங்குதுக்கா. போட்டாத்தான் வுடும்."

என் வீட்டுக்காரர் அடைக்கலம் போய் ஒன்பது வருடம் ஆகிறது. திட்டக்குடியில் தம்பி ஒருவன் இருக்கிறான், அவனோடும் பேச்சு இல்லை. அது வேறு சண்டை. எனக்கு ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வார்கள் என்று அந்த ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தேன். ஐம்பத்தாறு வயதில், எழுத ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"ஜெனிபர்னு போடு."

"உறவுக்கு?"

"மகள்னு போடு." நம்பர் எனக்கு மனப்பாடம். சொன்னேன். வளர்மதி அனுப்பிவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே டிபன் பாக்ஸைக் கழுவப் போனாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்காது. என் போன் அடித்தது. அங்கே சாயங்காலம் ஏழரை இருக்கும். எடுத்தேன்.

"அம்மா." ஜெனிதான். "அந்த எடத்துல எம்பேரப் போடக் கூடாதும்மா. கூட வராதவங்க பேரத்தான் போடணும். படகுல நானும் இருப்பேன்ல."

"வேற யாரு இருக்காங்க எனக்கு?"

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"என் பாரத்துலயும் ஒம்பேருதாம்மா இருக்குது," என்றாள். "தண்ணில எறங்குற ஒவ்வொரு தடவையும் கம்பெனில எடுத்துப் பாப்பாங்க. மூணு வருசமா நீதான் இருக்குற."

ஒன்றை இதுவரை நான் உங்களிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அன்று கத்தி முடித்த அடுத்த வாரமே, அவள் கூப்பிட்டுவிடக் கூடாது என்று நான் போன் நம்பரையே மாற்றிவிட்டேன். மூன்று வருடமாக அவள் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். ஏதாவது ஆகியிருந்தால் அவர்கள் அந்தப் பழைய நம்பருக்கு அடித்திருப்பார்கள். மணி கூட அடித்திருக்காது.

"ஜெனி, அந்த நம்பரு இல்லடி," என்றேன்.

"தெரியும்மா. நெறைய தடவ போட்டுப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா வெச்சிருந்த?"

"அந்த எடத்துல வேற யாரப் போடுறது?"

வளர்மதியின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"என் பாரத்துல வளர்மதி பேரப் போட்டுக்க. நீ மொதல்ல ஒம்பாரத்த எடு. பேனா இருக்குதா? என் நம்பர எழுது."

"நம்பரு நீ அனுப்புன பாரத்துல இருக்குதும்மா. அதப் பாத்துத்தான் கூப்புடுறேன்."

"இருக்கட்டும். நான் சொல்றேன், நீ எழுது."

பேனா தேடும் சத்தம் கேட்டது. பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொன்னாள்.