பூனையனின் இரண்டு தகப்பன்மார்

மருதமுனை ஷரிபுதீன் சொறிக்கல்முனைக் கனகரெத்தினத்தின் துக்கத்தை எடுத்துக்கொண்டது 1985ஆம் ஆண்டு மாசி மாதம், வெள்ளாமை வெட்டு முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை, பின்னேரம் மூன்றே முக்காலுக்கு. பொழுதுபட்டால் சனம் வெளியே இறங்காத காலமாகையால் நாடகங்கள் பகலில்தான் நடந்தன. கல்முனையில் ஒரு மண்டபத்தில் முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க அது நடந்தது.

ஷரிபுதீன் கைத்தறியில் சாறன் நெய்பவர். வருடத்துக்கு ஒன்றிரண்டு நாடகங்களில் நடிப்பார். அந்த வருடம், நாடகங்களை எழுதிப் பழக்கும் மசூர் மாஸ்டர் எழுதியிருந்தது, ராணுவம் மகனைப் பிடித்துக்கொண்டு போன ஒரு வயல்காரக் குடும்பத்தின் கதை. தகப்பன் வேடம் ஷரிபுதீனுக்கு. ஒத்திகையில் அவர் எத்தனை தரம் அழுதும் மாஸ்டருக்குத் திருப்தி வரவில்லை. "புள்ளையப் பறிகுடுத்தவன் இப்பிடிச் சத்தம் போடமாட்டான். போய் ஒருத்தரப் பார்த்திட்டு வா" என்று அனுப்பினார்.

அப்படித்தான் அவர் சைக்கிளில் சொறிக்கல்முனைக்குப் போனார். கனகரெத்தினம் மனைவியைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரே மகன் தவராசாவைத் தனி ஆளாக வளர்த்தவர். முந்தின கார்த்திகையில், வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்ற பத்தொன்பது வயதுத் தவராசாவைச் சேற்றுக் காலோடு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தக் காம்ப் என்று தெரியாது. கனகரெத்தினம் திங்கட்கிழமை தோறும் ஒவ்வொரு காம்ப் வாசலாகப் போய் நின்று வருவார்.

ஷரிபுதீன் வேடத்தைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். "அண்ணன், நான் ஒங்களப்போல ஒராள நடிக்கோணும். ஒங்களுக்கு மனக்கஷ்டமெண்டா இப்பவே போயிர்ரன்."

கனகரெத்தினம் யோசித்தார். "நடியுங்க தம்பி. நாலு சனம் பார்க்கட்டும். நான் என்ன செய்யோணும்?"

"ஒண்டும் செய்யத் தேவல்ல. இரிங்க. நான் பார்த்துக்கிட்டு இரிக்கன்."

ஏழு நாட்கள் பார்த்தார். கனகரெத்தினம் சோற்றுக்கு இரண்டு கோப்பை எடுத்து ஒன்றைத் திரும்ப வைப்பதையும், நாய் குரைத்தால் எழும்பி நிற்பதையும், கொடியில் கிடந்த மகனின் துவாய்த் துண்டை மழைக்கு முன் எடுத்து, மழை விட்டதும் கிடந்த மடிப்பிலேயே போடுவதையும் பார்த்தார். எட்டாம் நாள் நாடகம். கடைசிக் காட்சியில் துவாயைக் கொடியில் போட்டபோது அவர் சத்தமே போடவில்லை. இரண்டு கண்ணாலும் நீர் ஓடியது. அதே நேரம் சொறிக்கல்முனையில், நெஞ்சிலிருந்து யாரோ ஒரு நெல்மூட்டையை இறக்கி வைத்ததுபோல் கனகரெத்தினத்துக்கு இருந்தது. எழும்பிப் போய் வயிறாரச் சாப்பிட்டார்.

திரை விழுந்தும் ஷரிபுதீனின் கண் நிற்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். கண் டொக்டர் பார்த்துவிட்டு ஒரு பழுதும் இல்லை என்றார். கண்ணீர் விழுந்து நூலின் சாயம் ஊறாமலிருக்க, கழுத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அவர் தறியில் இருந்தார். வேடத்தைப் பற்றிக் கேட்டு எழுத ஒரு வாரப் பத்திரிகைக்காரர் கொழும்பிலிருந்து வந்தார். எப்படி இவ்வளவு இயல்பாக நடித்தீர்கள் என்று கேட்டார்.

"நான் நடிக்கல்ல. அந்த மனிசன்ட்ட இருந்து எடுத்துட்டு வந்திட்டன். பார்த்துப் படிக்கிறெண்டுதான் போன. இப்ப திருப்பிக் குடுக்கத் தெரியல்ல" என்றார் ஷரிபுதீன். பத்திரிகையில் அது நடிகரின் அடக்கம் என்று வந்தது.

கனகரெத்தினத்துக்கு விஷயம் விளங்க மூன்று கிழமை பிடித்தது. மகன் இருப்பதும் அவனைப் பிடித்துக்கொண்டு போனதும் ஞாபகம் இருந்தன. பக்கத்து ஊரில் யாருக்கோ நடந்தது ஞாபகம் இருப்பதுபோல. திங்கட்கிழமை வந்தது, அவர் காம்புக்குப் போகவில்லை. அடுத்த திங்களும் போகவில்லை. அப்போதுதான், இனித் தன் பிள்ளையைத் தேட உலகத்தில் ஆளில்லை என்று கணக்குப்போலத் தெரிந்துகொண்டார். அதற்கிடையில் சித்திரை வந்து, தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் ஒருவர் கால்வைக்கப் பயந்த கலவரம் மூண்டது. அந்த நாட்களில்தான் அவர் வரம்புவழியே நடந்து மருதமுனைக்கு வந்தார். ஊர் எல்லையில் பொல்லுகளோடு நின்ற இளைஞர்கள் மறித்தார்கள். என் கவலையைத் திருப்பி வாங்க வந்தேன் என்றார். அவர் முகத்தில் பயத்தின் சாயல்கூட இல்லாததைக் கண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வழிவிட்டார்கள்.

ஷரிபுதீன் அவரைத் தறிக்குப் பக்கத்தில் பாயில் இருத்தி, வாசல் கதவைச் சாத்திவிட்டு, முழு நாடகத்தையும் அவர் ஒருவருக்காகவே நடித்துக் காட்டினார். துவாயைப் போடும் இடம் வந்தபோது, அடுப்படியில் நின்ற ஷரிபுதீனின் மனைவி சுஹறா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாடகம் முடிந்தது. கனகரெத்தினம் கைதட்டினார்.

"நல்லாத்தான் இரிக்கி தம்பி" என்றார்.

"அண்ணன், திங்கக்கிழம காம்புக்குப் போவீங்களா?"

"போகத் தோணுதில்ல. பொய் சொல்லக் கூடாதுதானே."

அந்தத் திங்களிலிருந்து ஷரிபுதீன் போனார். சேற்றுக் காலோடு போன பிள்ளை எங்கே படுக்கிறானோ என்ற எண்ணம் அவரைத் தறியில் இருக்கவிடவில்லை. காவலில் நின்றவர்கள் யார் நீ என்று கேட்பார்கள். தகப்பன் என்பார். முஸ்லிம் பெயர் எழுதிய அடையாள அட்டையையும் தவராசா என்ற பெயரையும் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருதரம் துவக்குப் பிடியால் அடித்து இரண்டு பல்லை உடைத்தார்கள். பல் போன வாயோடு அடுத்த திங்களும் போனார். "நம்மட ஊரு பத்தி எரியக்குள்ள நீங்க ஆர்ர புள்ளையத் தேடுறீங்க?" என்று சுஹறா கத்தினாள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். 1986இல் அவருடைய உம்மா மௌத்தானார். ஜனாஸாவாகக் கிடத்தியிருந்த உடலுக்கு அருகே கண்ணீர் வழிய இருந்தவரிடம் சுஹறா மெதுவாகக் கேட்டாள்: "இதில ஒரு சொட்டாவது மாமிக்கா?" அவர் தனக்குள் தேடிப் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார். அவள் அதற்குப் பிறகு அவரோடு சண்டை பிடிக்கவில்லை. திங்கட்கிழமைகளில் சோறு கட்டிக் கொடுத்தாள்.

1987 ஆவணியில் சமாதான ஒப்பந்தத்தோடு, பிடித்துவைத்திருந்த ஆட்களை விட்டபோது, திங்கள்தோறும் ஷரிபுதீன் கொடுத்த மனுக்கள் ஒரு கட்டாகக் கிடந்ததால் தவராசாவின் பெயர் பட்டியலில் ஏறியிருந்தது. ஒரு காது கேளாமல், முதுகு வளைந்து, நடந்தே வீட்டுக்குப் போனான். கனகரெத்தினம் அவனை உடனே அடையாளம் கண்டார்.

"வாங்க தம்பி, இரிங்க. பஸ்ஸில சனமா? தேத்தண்ணி ஊத்தட்டா?"

தவராசா வாசலிலேயே குந்திவிட்டான். அயலவர்கள் நடந்ததைச் சொன்னார்கள். மறுநாள் மருதமுனைக்குப் போய், விசாரித்து, அந்த வீட்டுப் படலையைத் திறந்தான். தறியில் இருந்த ஷரிபுதீன் அவனை ஒருநாளும் கண்டதில்லை. கையிலிருந்த தறி நாடாவைப் போட்டுவிட்டு எழும்பி ஓடிவந்து, "பூனையா, என்ட மனே" என்று கட்டிப்பிடித்தார். சிறுவயதில் நெல்மூட்டையின் மேல் சுருண்டு படுப்பவனுக்குத் தகப்பன் இட்ட பெயர் அது. தனியே இருக்கும்போது மட்டும் கூப்பிடுவார், வேறொருவருக்கும் தெரியாது. தவராசா அந்தத் தோளில் முகத்தை வைத்து, கேட்கும் காதால் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டான்.

இரண்டு வருடம் சொறிக்கல்முனையில் இருந்து பார்த்தான். கனகரெத்தினம் வேளைக்குச் சோறு போட்டார், நோய்க்கு மருந்து வாங்கினார், ஒருநாளும் நீ என்று பேசவில்லை. 1989இல் அவன் வேலைக்குக் கட்டாருக்குப் போனான். கடிதங்கள் மருதமுனை விலாசத்துக்கு வந்தன. "அன்புள்ள அப்பாவுக்கு" என்று தொடங்கின. கண்ணீர் மறைத்து ஷரிபுதீனால் எழுத்துக் கூட்டி முடிக்க முடியாமல் போவதால் சுஹறாதான் வாசிப்பாள். பிரயாணத்துக்குப் பாதை திறந்திருக்கும் சனிக்கிழமைகளில் கனகரெத்தினமும் வந்து பாயில் இருப்பார். வெயிலைப் பற்றி, கூட வேலை செய்பவர்களைப் பற்றி, சொறிக்கல்முனை அப்பா மருந்து குடிக்கிறாரா என்பதைப் பற்றி அவன் எழுதியிருப்பதையெல்லாம் கவனமாகக் கேட்பார்.

"நல்ல பிள்ளை" என்பார் முடிவில். "பெத்தவன் குடுத்துவெச்சவன்."

"ஓம் அண்ணன்" என்பாள் சுஹறா. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றப் போவாள்.