நூற்று இருபத்தெட்டு அச்சு

பாடை ரயில்வே கேட்டுக்கு வந்த நேரம் பார்த்துக் கேட்மேன் ராமப்பன் கேட்டைச் சாத்திவிட்டார்.

“சரக்கு வண்டி வருது. எறக்கி வெச்சு மூச்சு வாங்கிக்கங்கப்பா.”

போனவர் கிருஷ்ணப்பன். எண்பத்தாறு வயது, காலையில் காப்பி குடித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். கல்யாணச் சாவு. பக்கத்துத் தளி ஊர்ச் சாமந்தி பாடை கொள்ளாமல் வழிந்தது, தப்பட்டைக்கு ஆடாத காலில்லை. பெண்கள் கேட்டோடு திரும்பிவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். கடைசி மகள் காவேரிக்கு அந்தச் சரக்கு வண்டியின்மேல் அளவில்லாத பிரியம் வந்தது.

அப்பாவோடு அவளுக்கு ஒரு பந்தயம் பாக்கி. ஓசூரில் அவள் வேலை செய்யும் கம்பெனி, நகர ரயில்களுக்காக அச்சு எண்ணும் பெட்டி செய்கிறது. தண்டவாளத்தில் மாட்டிய கருவி, மேலே ஓடும் சக்கர அச்சுகளை எண்ணும். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றானால் பாதை காலி, அடுத்த வண்டியை விடலாம். முப்பது வருடம் ஸ்டேஷனில் கண்ணால் பார்த்துக் கொடி காட்டியவர் இதை ஒப்புவாரா? “பொட்டிக்குக் கண்ணு இருக்குதாடி?” என்று கேட்டே அவளை அழவைப்பார். போன வாரம் சோதனைக்காக இந்தக் கேட்டில் ஒன்றைப் பொருத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து எண்ணித் தோற்கடிக்கிறேன் என்றிருந்தார். ஞாயிறும் வந்தது, அவரும் வந்துவிட்டார்.

“காவேரி, அண்ணனுக்குப் பதிலா நாங்க எண்றோம்,” என்றார் ராமப்பன்.

தப்பட்டை நின்றது. தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி, நடுவே தெலுங்கும் கலந்து கூட்டமே பெட்டிகளை எண்ணியது.

“இன்ஜினுக்கு ஆறு. முப்பத்தோரு பெட்டி, நாலு நாலா நூத்தி இருபத்திநாலு. ஆக நூத்தி முப்பது!”

ராமப்பன் கேட்டோரம் இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். “பொட்டி நூத்தி இருபத்தெட்டுங்குதே!”

“பெரியவரு செத்தும் ஜெயிச்சுட்டாரு!” விசில் பறந்தது.

காவேரியின் முகம் சுண்டிப்போயிற்று. மூன்று வருட உழைப்பு, அதுவும் அப்பாவின் முன்னாலேயே இப்படியா! தூரத்தில் போய்க்கொண்டிருந்த வண்டியை வெறித்தவள் கத்தினாள்.

“மாமா, கார்டு பெட்டியப் பாருங்க! பழைய குட்டைப் பெட்டி. அதுக்கு நாலில்ல, ரெண்டே அச்சு!”

ராமப்பன் தலையில் அடித்துக்கொண்டார். “அட ஆமா! கடைசிப் பெட்டியப் பாக்காம அண்ணன் ஒரு நாளும் கணக்குச் சொன்னதில்ல. நாங்கதான் கண்ணிருந்தும் குருடனுங்க.”

“அப்பா எண்ணியிருந்தா அவரும் நூத்தி இருபத்தெட்டுதான் சொல்லியிருப்பாரு.”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. காலையிலிருந்து வராத அழுகையும் கூடவே வந்தது. தப்பட்டை மறுபடி எழுந்தது, முன்னைவிட வேகமாக.

கேட் திறந்தது. பாடை தண்டவாளத்தைத் தாண்டிப் போயிற்று. பெண்கள் ஊர்ப்பக்கம் திரும்பினார்கள்.

“பட்டன அமுக்கிச் சைபராக்கிடட்டுமா கண்ணு?” என்றார் ராமப்பன்.

“அடுத்த வண்டி எப்ப மாமா?”

“சாயந்திரம் அஞ்சுக்கு.”

“அதுவரைக்கும் இருக்கட்டும்.”

முந்தானையால் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். வெயிலில் அந்தச் சிவப்பு எண்கள் மங்கலாகத் தெரிந்தன.